எடை குறைந்தால் கையெழுத்து இல்லை

"இவர் அய்யாதுரை இல்லை" என்றார் சுயம்புலிங்கம்.

அரிசி மண்டித் தராசின் பலகைமேல் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த பெரியவர், வாய் ஒரு பக்கம் கோணியிருக்க, அவரையே பார்த்தார். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகிறது. பேச்சும் இல்லை, நடையும் இல்லை.

"சார், என்ன சார் இது? எங்க அப்பா சார்!" என்றான் மகன் கணேசமூர்த்தி.

"போன மாசம் நாப்பத்துமூணு கிலோ. இப்போ ஸ்டூலைக் கழிச்சா நாப்பத்தொண்ணு. நோட்டோட ஒத்து வரலை. ஆள் மாறாட்டம்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

"முப்பது வருஷம் ஒரே டிபார்ட்மெண்ட்ல இருந்திருக்கீங்க. முகம் தெரியாதா உங்களுக்கு?"

"முகத்தை நோட்டுல எழுத முடியாது தம்பி."

ரிக்‌ஷாக்காரருக்கே பொறுக்கவில்லை. "இன்னா சார், மனுசனப் போயி மூட்ட கணக்கா நிறுத்துக்கினு கீறீங்க!"

"நீ வண்டியைப் பாத்துக்கப்பா."

தி.நகரில் அந்த மண்டியின் மாடியில்தான் தபால் தந்தி டெலிபோன் பென்ஷனர் சங்கம். 1974 மே மாதத்து ஞாயிறு, காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. செயலாளர் சுயம்புலிங்கம் தந்தி இலாகாவில் கெஜடட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அப்படிப்பட்ட ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான், நடமாட முடியாதவரின் பென்ஷனை வீட்டார் போய் வாங்கலாம். கணேசமூர்த்திக்கு வேறு ஆபீசர் யாரையும் தெரியாது.

"பத்து நாள் நாங்க ஊருக்குப் போயிருந்தோம் சார். வெயில் வேற. அதுல கொஞ்சம் இளைச்சிருப்பாரு."

"அப்பாவையும் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அவரை எப்படி சார் ரயில்ல... பக்கத்து வீட்டுல சொல்லிட்டுத்தான் போனோம்."

சுயம்புலிங்கம் நோட்டை மூடினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. எடை ஏறியிருந்தா பாக்கலாம்."

"வாடகை கொடுக்கணும் சார்!"

"ரூல் அப்படி. நான் என்ன பண்ண?"

கணேசமூர்த்தி வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே தகப்பனாரைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தான்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மெஹபூப் அலி, மாடிக்கு வந்ததும் வெடித்துவிட்டார். சங்கத்தின் இணைச் செயலாளர். அய்யாதுரையோடு லைன்மேனாக இருந்தவர்.

"அறுபத்தாறு புயல்ல நானும் அவரும் ஒரே கம்பத்துல நின்னோம் சார். கால் வழுக்கி விழ இருந்தேன். சட்டையைப் பிடிச்சு இழுத்தது அவர்தான். அந்த மனுஷனை நாலு பேர் பாக்கத் தராசுல ஏத்துறீங்களே!"

சுயம்புலிங்கம் மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"டெலிபோன் ஆபரேட்டரா இருந்த தேவானையம்மாவும்தான் படுக்கையில கெடக்குறாங்க. அவங்களுக்கு மட்டும் நீங்களே அடையாறு வரைக்கும் பஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்றீங்க. ஆபரேட்டரம்மான்னா ஒரு மரியாதை, லைன்மேன்னா ஒரு மரியாதையா? எந்த ரூல்ல சார் எடை போடச் சொல்லியிருக்கு? காட்டுங்க. இல்லேன்னா அடுத்த கூட்டத்துல உங்க மேல தீர்மானம் கொண்டு வருவேன்."

"எந்த ரூல்லயும் இல்லை, பாய்."

மெஹபூப் அலி திகைத்தார்.

"பொங்கலன்னைக்கு அசோக் நகர்ல அய்யாதுரை வீட்டுக்குப் போனேன். சொல்லாம கொள்ளாமத்தான் போனேன். முன்னறையில எல்லாரும் எலை போட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. அவர் பின்னால, குளியலறைப் பக்கம் ஒரு கோணி மேல கிடந்தார். கிட்ட ஒரு தட்டு. அதுல இருந்த சோறு காஞ்சு ஒட்டிப் போயிருந்தது. அவர் கையைப் பிடிச்சேன். சின்னக் குழந்தை கையாட்டம் இருந்தது, பாய்."

"அந்தப் பையனை அங்கேயே நாலு கேள்வி கேக்கறதுதானே?"

"கேட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன். அதுக்கப்புறம் அந்தக் கோவம் யார் மேல விழும்?"

சுயம்புலிங்கம் நோட்டைப் பிரித்து மெஹபூப் அலி பக்கம் தள்ளினார்.

"மொத மாசம் எடை போட்டப்போ முப்பத்தெட்டு. அடுத்தது நாப்பது. அப்புறம் நாப்பத்துமூணு. இந்தத் தடவை பத்து நாள் தனியா விட்டுட்டுப் போயிருக்கான். கொறைஞ்சுட்டுது."

தெருவில் ரிக்‌ஷா மணி கேட்டது. மெஹபூப் அலி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

முனைக் கடை வாசலில் வண்டி நின்றிருந்தது. கணேசமூர்த்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் எரிச்சல் அப்படியே இருந்தது. ஆனால் ஒரு பழத்தை உரித்து, சின்னச் சின்னதாகப் பிட்டு, தகப்பனாரின் கோணிய வாயில் ஊட்டினான். கடைவாயில் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். அடுத்த பழத்தை உரித்தான்.

மெஹபூப் அலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மடமடவென்று மாடிப்படி இறங்கினார்.

"எங்கே பாய்?"

பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"தினம் குளிப்பாட்டி, வெளுத்த வேட்டி கட்டிக் கூட்டிட்டு வரணும்னு இன்னொரு ரூல் இருக்கே சார். அதை அவன்கிட்ட சொல்ல மறந்துட்டீங்களே!"