ஆறு மாடிக்கு ஒரு சட்டை

கண்ணாடி, அலுமினியத் தகடு, சுடுமண் பலகை என்று மூன்று மாதிரிகளை ஹாலில் சாய்த்து வைத்தார் ஆர்க்கிடெக்ட்.

“வெளிச்சுவர் கட்டிடத்துக்குச் சட்டை மாதிரி. ஆறு மாடி ஆபீஸுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

“கண்ணாடி போட்டா ஜம்முனு இருக்கும்” என்றார் கணவர்.

“சாயங்கால வெயில்ல கண்ணு கூசிச் சாகணும்” என்றாள் மனைவி.

“அப்ப அலுமினியம்?”

“பாத்திரக் கடை மாதிரி இருக்கும். இந்தச் சுடுமண்தான் கண்ணுக்குக் குளுமை.”

ஆர்க்கிடெக்ட் தயங்கினார். “மூணுல அதுதான் மேடம் விலை ஜாஸ்தி.”

“இருக்கட்டும் தம்பி. செலவைப் பார்த்தா முடியுமா?”

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் ஆர்க்கிடெக்ட் எழுந்து நின்றார்.

“சுடுமண்ணுன்னு சொல்லிட்டாங்க சார்.”

“அதையே மாட்டிடுங்க” என்றார் கட்டிடத்தின் சொந்தக்காரர். “நான் உள்ள உக்காரப் போறவன். எதிர்வீட்டுல இருந்து தினமும் அந்தச் சுவரைப் பார்க்கப் போறவங்க இவங்கதானே!”

மனைவி பூரித்துப் போனாள். “இப்படி எதிர்வீட்டுக்காரங்களைக் கேட்டுக் கட்டறவங்க யாருங்க இருக்காங்க! பதிலுக்கு நாங்க என்ன செய்யப்போறோம்?”

“பெருசா ஒண்ணுமில்லீங்க.” அவர் சட்டைப் பையிலிருந்து பெயிண்ட் கடையின் வண்ண அட்டையை எடுத்து நீட்டினார். “என் ரூம் ஜன்னலைத் திறந்தா உங்க வீட்டுச் சுவர்தான் தெரியுது. ஒரே பாசி. இதுல எனக்குப் பிடிச்ச கலரை டிக் பண்ணியிருக்கேன்.”

கணவருக்கு முகம் தொங்கிப்போனது. “மொத்தச் சுவருக்குமா?”

மாதிரிகளை மூட்டை கட்டிக்கொண்டே ஆர்க்கிடெக்ட் சொன்னார். “செலவைப் பார்த்தா முடியுமா சார்?”