நட்பு நாட்டுக்குக் கொடுத்தது

போர் வருமுன் நட்பு நாட்டுப் படைக்கு ரகசியக் குறியீடுகளை என் தலையில் ஏற்றி அனுப்பினார்கள். உள்ளே காலியிடம் நிறைய இருந்ததாம். நட்பு நாட்டார் கருவியை வைத்து அவற்றை உறிஞ்சியபோது, பக்கத்தில் ஒட்டியிருந்த என் நினைவும் சேர்ந்து போய்விட்டது.

வீடு திரும்பியதும் மனைவி பொற்கொடி சோதித்தாள். "நம்ம பையனைச் சாப்பிட என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

அவனுடைய பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னேன்.

"உருண்டைன்னுதானே! அதையுமா குடுத்துட்டு வந்தீங்க?"

"நட்பு நாடுதானேடி, வச்சுக்கட்டும்."

போர் தொடங்கிய வாரமே நட்பு நாடு எதிரியோடு சேர்ந்துகொண்டது. மகன் எல்லையில், பதுங்குகுழியில் இருந்தான். அவனுடைய தோழன் வந்து சொன்னான்: "எதிர்ப்பக்கத்துல இருந்து உங்க குரல்லயே, 'உருண்டை, சாப்பிட வாடா'ன்னு கேட்டுச்சுங்கய்யா. 'அப்பா'ன்னு எழுந்துட்டான். ஒரே குண்டு."

இப்போதெல்லாம் பொற்கொடி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டை மட்டும் தட்டுகிறாள்.