வெள்ளைத் தகடு

ரைபிள் கிளப்பில் முதல் நாள் சுகுணாவிடம் துப்பாக்கியைத் தரவில்லை. லென்ஸ் இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைத்தான் கொடுத்தார்கள். அதன் இடப்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு வெள்ளைத் தகடு ஒன்று மாட்டியிருந்தது.

"குறி பாக்கறப்ப இன்னொரு கண்ண மூடாதீங்க மேடம், மூஞ்சி இறுகிப்போயிரும். அது தொறந்தே இருக்கட்டும், தகடு மறைச்சுக்கும்," என்றான் பயிற்சியாளன்.

அதை மாட்டியபடியே வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் கணவன் தனபால் வழக்கம்போல அவளுக்கு இடப்புறம் உட்கார்ந்தான். தகட்டுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவகிட்டப் பேசறதையே விட்டுட்டேன் சுகுணா. நம்பரக்கூட அழிச்சாச்சு."

அவள் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு தடவ என் மூஞ்சியப் பாரேன். இப்படிக் கண்ண மூடிட்டா எப்படி?"

"மூடலீங்க," என்றாள். "தொறந்துதான் இருக்குது."

அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து வலப்புறம் உட்கார்ந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. சுகுணா அவற்றைப் பார்த்தாள். தனக்கு அழுகையோ கோபமோ வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, எச்சில் படாத இடது கையால் தகட்டை மெல்லக் கழற்றி, வலப்பக்கம் மாட்டிக்கொண்டாள்.