வேனுக்குள் ஒரு தலையணை

"இதுக்குள்ள எவனோ திருட்டுப்பய ஒளிஞ்சு கிடந்திருக்கான்" என்றார் பிளம்பர், வேனின் பின்கதவைத் திறந்த கையோடு. உள்ளே ஒரு பாய், மடித்த போர்வை, தலையணை, காயாத துண்டு. ஜன்னல் கண்ணாடியை ஒரு பழைய சட்டை மறைத்திருந்தது.

"திருடன் இல்லைங்க. மாசக் குத்தகைக்கு எடுத்தவர்" என்றார் வேன்காரர். "கட்ட முடியலைன்னு நேத்து திருப்பி விட்டுட்டார். தங்க இடம் கிடைச்சதும் சாமானை எடுத்துக்கிறேன்னு கேட்டுக்கிட்டார். நானும் சரின்னுட்டேன்."

பிளம்பர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விலையைக் குறைக்க வந்தவர் மூக்கைப் பொத்தாமல் வேறு எதைப் பொத்துவார்?

"உங்களுக்கு எப்படி வேணும்? நாள் வாடகைக்கா, மாசக் குத்தகைக்கா, சொந்தமாவா?"

"சொந்தமா" என்றார் பிளம்பர். பக்கத்தில் நின்ற மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டயரைப் பார்த்தார்.

இதே வார்த்தையைத் தம்பி சொன்னபோது என்ன குதி குதித்தார்! வாடகை வேன் வந்து சேர்வதற்குள் வேலையை வேறு ஒருவன் முடித்துவிட்டுப் போய்விடுகிறான், சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் அவன் கேட்டான். "யானையைக் கட்டித் தீனி போடச் சொல்றியா? முதல்ல அந்த இடது கையை வச்சு ஒழுகாம ஒரு குழாயைப் பூட்டக் கத்துக்க" என்று, வேலை நடந்த வீட்டு வாசலிலேயே, நாலு பேர் பார்க்க இவர் கத்தினார். தம்பி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், வீட்டுக்குத் திரும்பவில்லை.

போன பிறகுதான் அவன் சொன்னது சரி என்று உறைத்தது. வாடகை வேனுக்குக் காத்திருந்தே நல்ல நல்ல வேலைகள் கைநழுவின. தம்பி இவருக்கு போன் செய்வதில்லை, அண்ணிக்கு மட்டும் செய்வான். கூட்டாளி வீட்டு மாடியில் காற்றோட்டமான அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, கை நிறைய வேலை என்பான். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் பிளம்பருக்கு வெட்கமாக இருக்கும். தன்னை விட்டுப் போன பிறகுதான் அவன் நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

"வேன் வாங்கிக் குடுத்தாப் போதுமா? நான் பேசினது தப்புடான்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று காலையில் மனைவி கேட்டிருந்தாள்.

"வாய் வரமாட்டேங்குது. வண்டியைக் கொண்டுபோய் அவன் இருக்கிற மாடிக்குக் கீழ நிறுத்தி, சாவியைக் கையில குடுத்துடறேன். அவனே புரிஞ்சுக்குவான்."

இந்த வாய்தான் இப்போது வேனுக்குக் குற்றம் கண்டுபிடிக்கத் தாராளமாக வந்தது. பிரேக் தொளதொள என்றது, கதவு கரகர என்றது. உள்ளே குனிந்தவர், மூலையில் இருந்த தண்ணீர் கேனின் குழாயைப் பார்த்தார். கசியாமலிருக்க அதில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது.

"அட, நம்ம தொழில்காரன். அதுலயும் கத்துக்குட்டி. டேப்பை எதிர்ப்பக்கமா சுத்தி வச்சிருக்கான்."

"யார் பெத்த புள்ளையோ, பாவம்" என்றாள் மனைவி.

"என்ன பாவம்? உழைக்கிறவன் வேனுக்குள்ளயா குடித்தனம் பண்ணுவான்? குடிச்சுட்டு ஆடியிருப்பான், வீட்டுல கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளியிருப்பாங்க." அவர் வேன்காரரிடம் திரும்பினார். "இந்தக் குப்பையை உடனே காலி பண்ணச் சொல்லுங்க. நான் இன்னைக்கே வண்டியை ஓட்டிட்டுப் போகணும்."

வேன்காரர் தலையைச் சொறிந்தார். "தங்கமான மனுஷன். எனக்குச் சொல்லச் சங்கடமா இருக்குங்க."

"நம்பரைப் போட்டுக் குடுங்க. நான் சொல்றேன்."

வேன்காரர் மனசில்லாமல் எண்ணை அழுத்தி போனை நீட்டினார். "காதுல வச்சா கேக்காது. கீழ விழுந்ததிலேர்ந்து ஸ்பீக்கர்ல போட்டாத்தான் பேசும்."

அந்தப் பக்கம் எடுத்ததுதான் தாமதம், ஹலோ சொல்லக்கூட பிளம்பர் இடம் கொடுக்கவில்லை. "யோவ், இது வேனா, உன் மாமியார் வீடா? பாயும் தலையணையும் நாறுது. மானம் ரோஷம் இருந்தா இப்பவே வந்து அள்ளிட்டுப் போ. இல்லேன்னா அத்தனையும் சாக்கடையிலதான் கிடக்கும்."

போதும் என்பதுபோல மனைவி அவர் கையைத் தொட்டாள். வெட்கங்கெட்டவனுக்குப் பேச வாய் இருக்குமா என்று பிளம்பர் வேன்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு போனிலிருந்து மெல்லிய குரல் வந்தது, மூன்று பேருக்கும் தெளிவாகவே கேட்டது.

"எடுத்துக்கிறேண்ணா. அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத."