மூணு பேருக்குத்தான் வரும்

"பாத்துக்கிட்டே இரு. கலரு குடிக்கும், பிஸ்கெட்டு திங்கும். சோத்துல மட்டும் கை வைக்காது."

குழாயடியில் பக்கத்து வீட்டு வீராயி யாரிடமோ சொன்னது, கொடியில் துணி எடுக்க வந்த வெற்றிச்செல்வியின் காதில் விழுந்தது.

யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. அம்பிகாவைத்தான்.

பெரம்பலூரில் ஒரே ஹாஸ்டல் அறையில் தங்கிப் படித்தவர்கள் வெற்றிச்செல்வி, அம்பிகா, கலையரசி மூன்று பேரும். கரைவெட்டி ஏரியில் பறவை பார்க்க வந்த அம்பிகாவும் கலையரசியும் இன்று ராத்திரி திருமானூரில் வெற்றிச்செல்வி வீட்டில்தான் தங்குகிறார்கள். கலையரசி இவள் சனம்தான். அம்பிகா ஜெயங்கொண்டம் பக்கம், நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். அந்த மாதிரி வீட்டு ஆட்கள் இந்தத் தெருவுக்கு வந்தால், மூடி திறக்காத பாட்டிலாக வாங்கி எதையாவது குடித்துவிட்டு, சோறு தொடாமல் எழுந்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான்.

'அம்பிகா அப்படியில்லை' என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.

அடுப்படியில் அம்பிகா பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பாஸ்தா பாக்கெட் வந்தது. சீஸ் வந்தது. கடைசியில் ஒரு சட்டியும் வந்தது.

"ஏன்டி, இவங்க வூட்ல சட்டி இல்லையா?" என்று கலையரசி சிரித்தாள்.

"பெங்களூர் ரூம்ல இதுலதான் பண்ணுவேன். கைக்குப் பழகிடுச்சு. அம்மா, நீங்க எந்திரிங்க. இன்னிக்கு இத்தாலி சாப்பாடு. நான்தான் சமைக்கப் போறேன்."

வெற்றிச்செல்வியின் அம்மா ஆண்டாயி மகளைப் பார்த்தாள். கொள்ளிடத்துக் கெண்டை வாங்கி, அம்மியில் மசாலா அரைத்து, அப்போதுதான் குழம்பை இறக்கியிருந்தாள்.

"மீன் கொழம்பு வச்சிருக்கேனே, பாப்பா?"

"அது இருக்கட்டும்மா."

ஆண்டாயி குழம்பைத் தட்டுப் போட்டு மூடி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் மூலைக்கு நகர்த்தினாள். "செய்யிங்க" என்றாள். முகத்தில் கோபமில்லை. இதற்கெல்லாம் பழகிப்போன முகம். அதுதான் வெற்றிச்செல்வியைச் சுட்டது. ஹாஸ்டலில் என்னோடு ஒன்றாகச் சாப்பிட்டவளுக்கு எங்கம்மா கைச்சோறு மட்டும் வேறா?

தக்காளியும் பூண்டும் வதங்கின. கொல்லையிலிருந்து திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளி வந்து அம்பிகா சட்டியில் போட்டாள்.

"ஐயே, அது பருவுக்குத் தடவுறது பாப்பா!"

"அப்ப சாப்புட்டா உள்ளயிருந்தே அழகாயிடுவோம்."

ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிச்செல்விக்கு வரவில்லை.

சமையல் முடிந்ததும் ஆண்டாயி வழக்கம்போலக் கரண்டியை எடுத்தாள். அம்பிகா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க."

"எல்லாரும் தின்னட்டும், நான் அப்பறமா..."

"இத்தாலியில அம்மாவுக்குத்தான் மொதல்ல போடணும். சட்டமே இருக்கு."

"புளுவாதடி" என்றாள் கலையரசி.

ஆண்டாயி சுவரோரமாகக் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு தட்டு, கலையரசிக்கு ஒன்று, வெற்றிச்செல்விக்கு ஒன்று. சட்டி காலி.

"உனக்கு?" என்றாள் வெற்றிச்செல்வி.

"ஒரு பாக்கெட்தானே? மூணு பேருக்குத்தான் வரும்."

தானே சமைத்ததைக்கூட இந்த வீட்டில் வாயில் வைக்க மாட்டாள். வெற்றிச்செல்வி தட்டைக் கீழே வைத்தாள். குழாயடிப் பேச்சுதான் கடைசியில் ஜெயித்தது.

"எப்டிம்மா இருக்கு?" அம்பிகா கேட்டாள்.

"சேமியாவுக்கு அண்ணன் மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு" என்ற ஆண்டாயி, பாதியிலேயே தட்டோடு எழுந்தாள். "வயிறு ரொம்பிடுச்சு பாப்பா."

அம்பிகா அந்தத் தட்டைக் கையில் வாங்கினாள்.

"எல்லாரும் தின்னு மிச்சம் இருந்தாத்தான் எங்கம்மாவுக்குன்னு இவ ஹாஸ்டல்ல சொல்லுவா. ஒரு நாளாச்சும் உங்கள உக்கார வச்சுப் போடணும்னு அப்பவே நெனச்சேன். போட்டாச்சு. இனி என் வயித்தப் பாக்கணும். நீங்க மீன் வாங்கி வைக்கிறீங்கன்னு இவ போன்ல சொன்னதுலேர்ந்து, மத்தியானமே நான் சாப்புடல."

"ஐயோ, அது எச்சித் தட்டு! வேற தரேன் இரு பாப்பா..."

அம்பிகா மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பாஸ்தாவை ஓரமாக ஒதுக்கி, அதே தட்டில் சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் வாய் எடுத்து வைத்தாள்.