படம் வந்துடுச்சு மேடம்

செல்போன் டவரின் உச்சியில் விரிசல் இருக்கிறதா என்று ட்ரோனைப் பறக்கவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால், ட்ரோனில் மாட்டிய புதுக் கேமராவின் படம் மடிக்கணினியில் வந்தபாடில்லை. டவர்க்காரர் கைக்கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ட்ரோன்காரர் நான்காவது முறையாகக் கேமரா கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், சும்மா சும்மா கூப்பிடாதீங்க! உங்க ஒரு கேமராவுக்காக மூணு இன்ஜினியர் இங்க மண்டையை உடைச்சிக்கிட்டு இருக்காங்க. எனக்குத் தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல" என்று பொரிந்து தள்ளினார் போனை எடுத்த கம்பெனிப் பெண்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். படம் வர லேப்டாப்புல வீடியோ அட்ரஸ் கேக்குது. என்ன போடணும்?"

"நாங்க இங்க ஆபீஸ் கேமராவுக்குப் போட்டுப் பாத்த அட்ரஸையே சொல்றேன். அப்படியே அடிங்க."

அடித்தார். பளிச்சென்று படம் வந்தது.

"வந்துடுச்சு மேடம்!"

"பாத்தீங்களா? என்ன தெரியுது, சொல்லுங்க."

ட்ரோன்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"மூணு பேர் கேரம் ஆடுறாங்க மேடம். பக்கத்துல ஒரு அம்மா, தோள்ல போனை இடுக்கிக்கிட்டு, மேசை மேல காலை நீட்டி நகத்துக்குப் பாலிஷ் போடுறாங்க."

படத்தில் இரண்டு கால்கள் மெல்ல மேசையை விட்டு இறங்கின.