கிணற்றடி மேடு

இரண்டாவது வெட்டு விழுவதற்குள் அந்த அம்மாள் ஓடிவந்து மண்வெட்டியின் மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"இங்க தோண்டக் கூடாது."

தாவ் நிமிர்ந்தார். "இந்தாம்மா, காலை எடு. கீழ படுத்திருக்கிறது என் அண்ணன்."

"தெரியும்" என்றாள் லாய்.

அந்த ஒரு சொல்தான் குயெனைச் சுட்டது. அப்பா வடக்கிலிருந்து தெற்கே போருக்குப் போனபோது அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். இந்தக் குவாங் திரியில் எங்கோ விழுந்தார் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய படைப்பிரிவில் மிஞ்சியவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனாள். கடைசியில் ஹனோயில் ஒரு முதியவருக்கு நினைவு வந்தது. ஆறு வளைகிற இடம், ஒரு கிணறு, அதனருகே விழுந்தான், தூக்கிவர முடியவில்லை என்றார்.

வீட்டில் அம்மா படுத்த படுக்கை. அவரைக் கொண்டுவந்து காட்டு, பிறகு பக்கத்தில் என்னையும் வை என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேட்டில் ஒரு புல் இல்லை. ஊதுவத்திச் சாம்பல் அன்று காலை உதிர்ந்தது.

சித்தப்பா தாவ் குயெனை ஓரமாக அழைத்துப்போய், பணம் பிடுங்கத்தான் இந்த நாடகம் என்றார். அன்றைக்கு அமெரிக்கர்கள் ஆட்டிவைத்த தெற்கின் பொம்மைப் பட்டாளத்துக்குச் சோறு போட்ட ஊர், இன்றைக்குச் செத்தவன் எலும்புக்கு விலை சொல்கிறது என்றார். லாயின் காதில் விழும்படியாகத்தான் சொன்னார். அவரும் அதே போரில் ஒரு காலைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்.

லாய் பணம் கேட்கவில்லை. ஒரு பிடி மண் எடுத்துப் போங்கள், அவர் இங்கேயே இருக்கட்டும், ஒரு குறையும் வைக்கவில்லை என்றாள்.

"அவர் பேராவது தெரியுமா உங்களுக்கு?" என்று குயென் கேட்டாள்.

லாய் கிணற்றுக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் ஒரு சீப்பை எடுத்துவந்து நீட்டினாள். சுட்டு வீழ்த்திய அமெரிக்க விமானத்தின் தகட்டை அறுத்துச் செய்தது. வின், தோவா என்று அதில் கீறியிருந்தது. அப்பாவும் அம்மாவும்.

"பேரைக் கையில வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே, அத்தை. எங்க அம்மா சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஒரு கிண்ணம் வைப்பாங்க. சோறு ஆறினதும் அதை அவங்களே எடுத்துச் சாப்பிடுவாங்க. இன்னிக்கும்."

"இன்னும் இருக்காங்களா?"

"இதுக்காகத்தான் இருக்காங்க."

லாய் ஊதுவத்தி கொளுத்தி மேட்டில் செருகி, குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

"தோண்டுங்க."

முதலில் வந்தது ரப்பர் செருப்பு. டயரை வெட்டிச் செய்தது, மக்கவே இல்லை. தாவ் அதைத் தடவித் துடைத்து வைத்தார். அடுத்து வந்தது தடித்த பூட்ஸ் அடி, ஒரு ஜோடி. அவருடைய கை நின்றுவிட்டது. வடக்கிலிருந்து போன எவனும் அதைப் போட்டதில்லை; தெற்குப் பட்டாளம்தான் போட்டது.

இன்னும் கொஞ்சம் மண்ணை விலக்கியதும் மண்டையோடுகள் தெரிந்தன. இரண்டு.

"இது யாரு?" என்றார் தாவ்.

"ஹுய். என் தம்பி. பத்தொம்பது வயசு."

அவளே மேலும் சொன்னாள்.

"ஒரே பள்ளத்துல கிடந்தாங்க. ஒருத்தரை ஒருத்தர் சுட்டாங்களா, குண்டு விழுதுன்னு சேர்ந்து பதுங்கினாங்களா, தெரியாது. பிரிச்செடுக்க முடியற நிலைமையில இல்ல. மண்ணைத் தள்ளி மூடிட்டேன்."

போர் முடிந்ததும் வென்ற வடக்கு வீரர்களின் எலும்பைத் தேடி ஆட்கள் வந்தார்களாம். சொன்னால் அவரை மலர்வளையத்தோடு கொண்டுபோவார்கள், தம்பியை எங்கே போடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் விட்டாளாம். பிறகு, சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பயம்.

"உங்க அம்மாவுக்குச் செஞ்சது தப்புதான்" என்றாள்.

குழிக்குள் எது யாருடையது என்று சொல்ல வழியில்லை. ஒரே வேர் இரண்டையும் பின்னியிருந்தது. அவர்கள் கொண்டுவந்திருந்தது ஒரே பெட்டி.

லாய் அரிசிச் சாராயத்தை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, எலும்புகளை ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. பாதி ஆளை உங்க அம்மாகிட்டக் காட்ட வேணாம். எனக்கப்புறம் இங்க ஊதுவத்தி கொளுத்தவும் ஆள் இல்ல." பூட்ஸ் அடிகளை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இது உங்க ஊருக்கு ஆகாது. என்கிட்ட இருக்கட்டும்."

குயென் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லாய் கழுவிக் கொடுத்ததை வாங்கி வாங்கிப் பெட்டியில் அடுக்கினார். மூடிச் சிவப்புத் துணி சுற்றினார். போய்வருகிறோம் என்றுகூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அவர் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. குயெனுக்குத்தான் மனம் அடித்துக்கொண்டது. குடும்பக் கல்லறையில் பொம்மைப் பட்டாளத்துக்காரனா என்று ஊரில் கேட்டால் முதல் குரல் இவருடையதாகத்தான் இருக்கும்.

மதியம் சாலையோரக் கடையில் சாப்பிட இறங்கினார்கள். சித்தப்பா பெட்டியைத் துணிப்பையில் போட்டுப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். சோறும் பொரித்த மீனும் வந்தன. குயென் கூடுதலாக ஒரு கிண்ணம் வாங்கி, சோறு போட்டு, மேலே சாப்பிடும் குச்சிகளைச் சேர்த்து வைத்து, அம்மா வைப்பதுபோலவே பெட்டிக்கு முன்னால் வைத்தாள்.

தாவ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இன்னொரு கிண்ணம் குடும்மா."

வந்த கிண்ணத்தில் சோறு போட்டு, தன் மீனின் நடுத்துண்டை அதன்மேல் வைத்து, அண்ணனின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.